அனுமதிக் கையெழுத்தும் சொந்த நாணயமும்

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்குத் தவறாத குணமும் நாணயம். ஒருவருக்கு நாணயஸ்தர் என்று பெயர் வந்துவிட்டால் கடைத்தெருவில் கையில் காசில்லாமலே சரக்கு எடுத்து வரலாம். பிரெஞ்சில் இதை 'கிரெதி' என்பார்கள், ஆங்கிலத்தில் கிரெடிட். இரண்டும் 'நம்புதல்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தவை. கடன் கொடுப்பவன் பணத்துக்கு முன்னால் நம்பிக்கையைக் கொடுக்கிறான். அந்த நம்பிக்கை யார் பெயரில் எழுதி வைக்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் வாசகர்களில் பலருக்கு மகளோ மருமகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக ஒரு கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. "மாப்பிள்ளையின் கிரெடிட் கார்டில் என் பெண்ணின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். பல வருடமாக அதில்தான் செலவு செய்கிறாள். ஆனால் சொந்தமாகக் கடன் கேட்டால் பேங்க்காரன் யோசிக்கிறானே, ஏன்?" கார்டில் இவ்வாறு பெயர் சேர்க்கப்பட்டவரை அங்கே 'ஆத்தரைஸ்டு யூசர்' என்பார்கள், அதாவது கார்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர். செலவு செய்யலாம், கட்ட வேண்டிய பொறுப்பு கார்டுக்கு உரியவருடையது.

இந்த 'ஆத்தரைஸ்டு' என்ற சொல்லைக் கேட்டதும் புதுச்சேரிக்காரனான எனக்கு நினைவுக்கு வருவது வேறொரு சொல்: 'ஓத்தோரிசாசியோன் மரித்தால்'. கணவன் கொடுக்கும் அனுமதி என்று பொருள். பிரெஞ்சுச் சட்டத்தில் ஒன்றரை நூற்றாண்டு ஓடிய சொல் அது. இரண்டுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொண்டால் அமெரிக்கக் கார்டின் கதை எளிதாக விளங்கும்.

கோத் சிவில் சொன்னது

நெப்போலியன் காலத்தில், 1804-ல் வந்தது கோத் சிவில். அதன் 213-ஆம் பிரிவு கணவன் மனைவியைக் காக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. 217-ஆம் பிரிவு இன்னும் கறார். கணவன் கூட இருந்து கையெழுத்துப் போட்டாலொழிய, அல்லது எழுத்தில் சம்மதம் கொடுத்தாலொழிய, மனைவி எதையும் தானம் செய்யவோ விற்கவோ அடமானம் வைக்கவோ வாங்கவோ முடியாது. வியாபாரம் செய்யும் பெண்ணுக்கு மட்டும் ஒரு விலக்கு. தன் வியாபாரத்தைப் பொறுத்தவரை அவள் கையெழுத்து செல்லும். ஆனால் வியாபாரி ஆவதற்கே கணவன் சம்மதம் வேண்டும்!

புதுச்சேரியில் இது எல்லோருக்கும் பொருந்தவில்லை. 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டங்கள் இங்கே அமலுக்கு வந்தபோது, இந்தியர்களின் குடும்ப வழக்கங்கள் அப்படியே விடப்பட்டன. பிறகு 1881 செப்டம்பர் 21 ஆணை ஒரு வழியைத் திறந்தது. தம் சொந்த வழக்கத்தைத் துறந்து கோத் சிவிலை ஏற்பவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தவர்கள்தான் நாம் ரெனோன்சான் என்று சொல்லும் குடும்பத்தார். இந்து திருமணச் சட்டம் நம் யூனியன் பிரதேசத்துக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று தனியே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. சாதித் தளையிலிருந்து விடுபடலாம் என்று நம்பித் துறந்தவர்கள் பலர். அந்த வீட்டுப் பெண்களுக்கு அதே சட்டம் கணவன் அனுமதி என்ற புதுத் தளையையும் கூடவே கொண்டு வந்தது.

சட்டம் எவ்வளவு கறாராக இருந்தாலும் வீட்டில் உலை கொதித்தாக வேண்டுமே! தினமும் மளிகைக்கும் துணிக்கும் நொத்தேரிடம் ஓடிக் கையெழுத்து வாங்க முடியுமா? அதனால் பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஒரு சமாதானம் கண்டுபிடித்தன. வீட்டுச் செலவுக்காக மனைவி கடையில் பற்று வைத்தால், அவள் கணவனின் பிரதிநிதியாக வாங்கியதாகக் கொள்ளலாம். கடன் கணவன் பெயரில் ஏறும். பிடிக்காவிட்டால் கணவன் கடைக்காரனுக்குச் சொல்லி நிறுத்திவிடலாம். யோசித்துப் பார்த்தால் இன்றைய 'ஆத்தரைஸ்டு யூசர்' அப்படியே இங்கே இருக்கிறார். பொருளை எடுத்து வருவது ஒருவர், பேரேட்டில் பெயர் இன்னொருவருடையது, தடுக்கும் உரிமையும் அந்த இன்னொருவருக்கே.

பிரான்சில் இந்தக் கட்டு மெல்ல மெல்லத்தான் அவிழ்ந்தது. 1881-ல் தபால் சேமிப்பு வங்கி தொடங்கியபோது, மணமான பெண் கணவன் துணையில்லாமல் பாஸ் புத்தகம் திறக்கலாம் என்றார்கள். 1907 ஜூலை 13 சட்டம் உழைத்துச் சம்பாதித்த கூலியை அவளே செலவிடலாம் என்றது. 1938-ல் சட்டப்படியான இயலாமை நீங்கியது. கணவன் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகலாம், சொந்தப் பெயரில் பேங்க் கணக்குத் திறக்கலாம் என்பது முழுதாக வந்தது 1965 ஜூலை 13 சட்டத்தில். அது அமலுக்கு வந்தது 1966 பிப்ரவரி 1-ஆம் தேதி. அந்த வருடம் எங்கள் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் சமத்துவத்தைப் பற்றி நீளமாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்கப் பேரேடுகள்

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே நாணயத்தை எழுதி வைக்கும் தொழில் 1841-ல் தொடங்கியது. 1837-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவில் அடிபட்ட லூயிஸ் டாப்பன் என்ற நியூயார்க் பட்டு வியாபாரி 'மெர்க்கண்டைல் ஏஜென்சி' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். ஊர் ஊராக ஆட்களை வைத்து, எந்த வியாபாரி எப்படிப்பட்டவர், குடிப்பாரா, வாக்குக் காப்பாரா என்று எழுதி வாங்கித் தடித்த பேரேடுகளில் பதிந்தார்கள். பின்னாளில் டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் ஆன நிறுவனம் இதன் வாரிசுதான். சாதாரண வாடிக்கையாளர்களின் கடன் விவரத்தைத் தொகுக்கும் ரீட்டெயில் கிரெடிட் கம்பெனி 1899-ல் அட்லாண்டாவில் தொடங்கியது. இன்று அதன் பெயர் ஈக்விஃபாக்ஸ்.

இருபதாம் நூற்றாண்டில் பெரிய ஜவுளிக் கடைகள் தகட்டு அட்டை கொடுத்தன. சிப்பாயின் கழுத்துத் தகடு போல, பெயரும் விலாசமும் பொறித்த சின்ன உலோகத் துண்டு. கடைக்குப் போய் வாங்குவது பெரும்பாலும் மனைவி; கணக்கோ கணவருடையது. 1950-ல் டைனர்ஸ் கிளப், 1958-ல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் அறுபதாயிரம் பேருக்குத் தபாலில் வந்து விழுந்த பேங்க் அமெரிகார்டு (இதுதான் 1976-ல் விசா ஆனது) என்று அட்டைகள் பெருகின. அட்டையில் தகரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. பேரேட்டில் மாற்றமில்லை. 'மிஸஸ் ஜான் ஸ்மித்' என்றுதான் மனைவி அறியப்பட்டாள். அவளுடைய சொந்தப் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

இதனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கணவன் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அவர் கண்ணை மூடிய மறுநாள், அல்லது விவாகரத்து ஆன மறுநாள் தெரியும். இருபது முப்பது வருடம் தவணை தவறாமல், பெரும்பாலும் அவள் கையாலேயே கட்டிய கணக்கு அது. ஆனால் அந்த நாணயம் முழுவதும் இறந்தவர் பெயரில் கிடக்கும். அவள் பெயரைத் தேடினால் வெறும் தாள். நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஐம்பது வயதுப் பெண்மணிக்கும் கடன் ஏட்டில் வித்தியாசமில்லை.

அரசு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் கழித்தவன் என்பதால் இந்தக் காட்சி எனக்குப் புதிதல்ல. நம்மூரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்களில் 'புரொக்யுராசியோன்' என்றொரு தாள் உண்டு. கணக்குக்காரருக்குப் பதிலாகப் பணம் எடுக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். கோத் சிவிலின்படி, கொடுத்தவர் இறந்த நொடியில் அந்தப் பத்திரமும் செத்துவிடும். நம் இந்திய ஒப்பந்தச் சட்டமும் முகவர் அதிகாரத்தைப் பற்றி அதையேதான் சொல்கிறது. வருடக்கணக்காகத் தானே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்து வந்த அம்மாளிடம், "இனி இந்தக் கையெழுத்து செல்லாது அம்மா" என்று சொல்வதைப் போலச் சங்கடமான வேலை ஒரு குமாஸ்தாவுக்கு வேறில்லை.

ஒரு விதவை சேர்த்த இரண்டு சொற்கள்

அமெரிக்காவில் நுகர்வோர் கடன் பற்றி ஆராய்ந்த தேசியக் கமிஷன் ஒன்று 1972-ல் பெண்களின் புகார்களைக் கேட்டது. அந்த ஆண்டு முடிவில் வந்த அதன் அறிக்கையில் கண்டவை இவை: தனியாக வாழும் ஆணைவிடத் தனியாக வாழும் பெண்ணுக்குக் கடன் கிடைப்பது கடினம். திருமணம் ஆனதும் பெண்ணின் பழைய கணக்கை மூடி, கணவன் பெயரில் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். மணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயரில் கடன் தர மறுக்கிறார்கள். வீட்டுக் கடன் கேட்கும்போது மனைவியின் சம்பளத்தைப் பாதியாகக் கணக்கிடுகிறார்கள், அல்லது கணக்கிலேயே எடுப்பதில்லை. விதவையும் விவாகரத்தானவளும் மறுபடி நாணயம் பெறப் படாதபாடு படுகிறார்கள். மனைவிக்கு இனிப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சர்ட்டிஃபிகேட் கேட்ட இடங்களும் உண்டு. பிள்ளை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாளாம்!

இந்த நேரத்தில் காங்கிரஸ் சபைக்கு வந்தவர் லிண்டி பாக்ஸ். லூசியானா மாநிலத்துக்காரர். அவர் கணவர் ஹேல் பாக்ஸ் காங்கிரசில் பெரிய தலைவர். 1972 அக்டோபரில் அலாஸ்காவில் அவர் சென்ற விமானம் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு கணவரின் தொகுதியில் நின்று லிண்டி ஜெயித்தார். வங்கிகள் தொடர்பான குழுவில் உறுப்பினரானார்.

கடன் கொடுப்பதில் பாகுபாடு கூடாது என்ற மசோதாத் திருத்தம் அந்தக் குழுவின் முன் வந்தது. இனம், வயது என்றெல்லாம் இருந்தது. பெண் என்ற பேச்சே இல்லை. லிண்டி அம்மையார் சண்டை போடவில்லை. தன் கையிலிருந்த தாளில் 'பால், திருமண நிலை' என்ற சொற்களைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார். பக்கத்து அறைக்குப் போய் நகலெடுத்து வந்து எல்லோருக்கும் கொடுத்தார். இவ்வளவு நல்லவர்களான நீங்கள் இதைத் தெரியாமல்தான் விட்டிருப்பீர்கள் என்று இனிமையாகச் சொன்னார். குழு ஏகமனதாக ஏற்றது. ஒரு மசோதாவின் ஓரத்தில் எழுதிய சொற்களும் ஒரு நகலெடுக்கும் இயந்திரமும் கோடிக்கணக்கான பெண்களின் கணக்கை மாற்றின. காகிதத்தோடு வாழ்ந்த எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம்.

லூசியானாவிலிருந்து அவர் வந்தது பொருத்தமான விஷயம். 1803-ல் நெப்போலியன் அமெரிக்காவுக்கு விற்ற நிலம் அது. அங்கே 1808-லும் 1825-லும் வந்த சட்டத் தொகுப்புகள் பிரெஞ்சுச் சட்டத்தின் வார்ப்பில் எழுதப்பட்டவை. அந்த மாநிலத்தில் கணவனே குடும்பச் சொத்தின் 'தலைவனும் எஜமானனும்' என்ற விதி 1970-களின் கடைசிவரை இருந்தது. 1974-ல் ஒருவர் மனைவிக்குத் தெரியாமலே இருவருக்கும் சொந்தமான வீட்டை அடமானம் வைத்தார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1981-ல் அந்த விதி அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பானது. நம் புதுச்சேரிக்கும் அந்த லூசியானாவுக்கும் எத்தனை கடல் நடுவில் கிடந்தாலும், இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே குடும்பத்துச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள்.

சம கடன் வாய்ப்புச் சட்டத்தில் 1974 அக்டோபர் 28-ஆம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்டார். சரியாக ஓராண்டு கழித்து அமலுக்கு வந்தது. 1976-ல் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, வயது ஆகியவையும் அதில் சேர்ந்தன.

1977 ஜூன் 1

இந்தச் சட்டத்தின் உயிர் அதன் விதிமுறைகளில் இருக்கிறது. பெண்ணுக்குக் கடன் மறுக்கக் கூடாது என்று சொன்னால் போதுமா? அவள் பெயரில் வரலாறே இல்லையென்றால் பேங்க்காரன் எதைப் பார்த்துக் கொடுப்பான்? ஆகவே ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. 1977 ஜூன் 1 முதல் தொடங்கும் கணக்குகளில், கணவன் மனைவி இருவரும் பொறுப்பேற்றிருந்தாலோ, ஒருவர் கணக்கை மற்றவர் பயன்படுத்த அனுமதி இருந்தாலோ, கடன் ஏட்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் விவரத்தில் இருவரின் பங்கும் தெரிய வேண்டும். பழைய கணக்குகளுக்கும் அறிவிப்பு அனுப்பி, விரும்புகிறவர்கள் கேட்டால் இரண்டு பெயரிலும் பதிய வேண்டும்.

'பயன்படுத்த அனுமதி' என்ற அந்தச் சொற்களைக் கவனியுங்கள். கணவன் கார்டில் செலவு செய்த மனைவியின் பெயர், முதல் முறையாக அவளுக்கென்று ஒரு ஏட்டில் ஏறியது. அடுத்தவர் பேரேட்டின் ஓரத்தில் நின்றவளுக்குத் தனித் தாள் கிடைத்தது. இன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றவரின் கடன் அறிக்கையில் அந்தக் கார்டின் விவரம் தோன்றுகிறதென்றால், அதன் வேர் இதுதான்.

பிறகு மதிப்பெண் காலம் வந்தது. ஃபேர், ஐசக் என்ற இருவர் 1956-ல் தொடங்கிய நிறுவனம் 1989-ல் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான ஸ்கோரை வெளியிட்டது. 300 முதல் 850 வரை. தவணை தவறாமல் கட்டியதற்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் பாக்கி என்பதற்கு 30, கணக்கின் வயதுக்கு 15, புதுக் கடன்களுக்கு 10, கடன் வகைகளுக்கு 10 என்று கணக்கு. பழைய கார்டு ஒன்றில் பெயர் சேர்ந்தால் அதன் வயதும் ஒழுங்கும் சேர்ந்தவருக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

சும்மா விடுவார்களா? முன்பின் தெரியாதவர்களின் நல்ல கார்டில் காசு கொடுத்துப் பெயர் சேர்க்கும் வியாபாரம் முளைத்தது. இதைத் தடுக்க, அனுமதி பெற்றவர்களை இனிக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று அந்த ஸ்கோர் நிறுவனம் 2007-ல் அறிவித்தது. அப்படிச் செய்தால் உண்மையான மனைவிமார்களும் வெளியே தள்ளப்படுவார்கள், 1974 சட்டத்தின் நோக்கமே கெடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே முடிவை மாற்றி, போலிகளை மட்டும் வடிகட்ட முயல்வதாகச் சொன்னார்கள்.

இதே போல இன்னொன்று. 2009-ல் கிரெடிட் கார்டு சீர்திருத்தச் சட்டம் வந்தது. கட்டும் சக்தி இல்லாதவருக்குக் கார்டு தரக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் 2011-ல் அமலான விதி, விண்ணப்பிப்பவரின் சொந்த வருமானத்தை மட்டும் பார்க்கச் சொன்னது. வீட்டைக் கவனிக்கும் மனைவிக்குச் சொந்த வருமானம் ஏது? மறுபடி கணவன் கார்டின் ஓரத்தில் போய் நிற்க வேண்டியதுதான். கூச்சல் எழுந்து, 21 வயது ஆனவர்கள் தமக்குப் பயன்படும் குடும்ப வருமானத்தையும் காட்டலாம் என்று 2013-ல் திருத்தினார்கள். வாசலைத் திறந்துவிட்டோம் என்று நினைக்கும்போதே காற்றில் கதவு சாத்திக்கொள்ளும் போலிருக்கிறது.

அனுமதியிலிருந்து உரிமைக்கு

ஆக, கேள்வி கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இது. கணவர் கார்டில் பெயர் இருப்பது நல்ல தொடக்கம். அது நடை வண்டி மாதிரி. பிடித்துக்கொண்டு நடக்கப் பழகலாம். அதிலேயே ஊர் போய்ச் சேர முடியாது. கடன் கொடுப்பவர் பார்ப்பது, தானே பொறுப்பேற்றுத் தானே கட்டிய வரலாற்றை.

முதலில் அந்தப் பெண் தன் பெயரில் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறச் சட்டமே வழி செய்திருக்கிறது. கணவர் கார்டு அதில் வந்திருக்கிறதா என்று தெரியும். அடுத்து, சொந்தப் பெயரில் ஒரு கார்டு. வரலாறு போதாது என்றால், பேங்க்கில் ஒரு தொகையை ஈடாகக் கட்டி வைத்துப் பெறும் கார்டு உண்டு. பெரும்பாலும் கட்டிய தொகையே செலவு வரம்பு. அதில் சின்னச் சின்னதாகச் செலவு செய்து, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். ஸ்கோர் வருவதற்கு ஒரு கணக்காவது ஆறு மாதம் ஓடியிருக்க வேண்டும் என்பதால் பொறுமை தேவை. ஒரே சமயத்தில் நாலு இடத்தில் விண்ணப்பிக்கக் கூடாது.

சொந்தக் கணக்கு வேரூன்றும்வரை கணவர் கார்டிலிருந்து பெயரை எடுக்க அவசரப்பட வேண்டாம். எடுத்தால் அந்த வரலாறும் பெரும்பாலும் அறிக்கையிலிருந்து போய்விடும். ஆனால் அவர் தவணை தவறினால் அந்தக் கறை இவள் தாளிலும் படியலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முக்கியமாக, கார்டுக்கு உரியவர் காலமாகிவிட்டால் அந்தக் கார்டை அதன் பிறகு பயன்படுத்தவே கூடாது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். இங்கே 2000-ல் சிபில் நிறுவனம் வந்தது, 2005-ல் அதற்கான சட்டம் வந்தது. ஆட்-ஆன் கார்டில் கடனுக்குப் பொறுப்பு முதல் கார்டுக்காரருக்கே. ஜாயிண்ட் சேமிப்புக் கணக்கு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சேமிப்பு வேறு, கடன் நாணயம் வேறு. சேமிப்புக் கணக்கினால் கடன் வரலாறு உருவாகாது. வைப்புத் தொகையின் பேரில் கார்டு கொடுக்கும் வங்கிகள் இங்கும் இருக்கின்றன.

ஓத்தோரிசாசியோன் என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து போக 1804-லிருந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று பார்த்தோம். வீட்டுப் பழக்கத்திலிருந்து அது போக எந்தப் பாராளுமன்றமும் சட்டம் போட முடியாது. கணவரும் மனைவியும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து, எந்தெந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டம்மாவின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். குறைவாக இருந்தால் திங்கட்கிழமை பேங்க் திறந்திருக்கும்.